அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பொதுக்கல்விப் பாடங்களும் வேதாகமப் பாடங்களும்: சேர்க்கை முதல் பட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கணினி அறிவியல் படிப்பதற்காக அமெரிக்காவிலுள்ள ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற மாணவர், முதல் செமஸ்டர் கால அட்டவணையைத் திறந்து பார்க்கும்போது, அதில் நிரலாக்கம் ஒன்றே ஒன்றாகவும், மற்றவை ஆங்கிலக் கட்டுரை, உலக வரலாறு, பழைய ஏற்பாட்டு அறிமுகம் என்றும் இருப்பதைக் கண்டு திகைப்பது வழக்கம். ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அந்த அட்டவணையின் படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தால், "இதைப் படிக்கவா இவ்வளவு பணம் கட்டினோம்?" என்ற கேள்வி அன்றிரவே வந்துவிடும். அட்டவணையில் பிழை ஏதும் இல்லை. அந்தப் பட்டத்தின் கட்டமைப்பே அப்படிப்பட்டது: துறைப் பாடங்களோடு, எத்துறை மாணவரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களும் வேதாகமப் பாடங்களும் அதில் அடக்கம். அந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொண்டு, எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, எதை வெளியிலிருந்து கொண்டுவரலாம், எதைக் கொண்டுவர முடியாது என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்பவர் நான்காண்டில் முடிக்கிறார். தெரிந்துகொள்ளாதவர் ஐந்தாம் ஆண்டுக்கும் கட்டணம் கட்ட நேரலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. கிரெடிட் எனப்படும் பாட அலகுகளின் எண்ணிக்கையில் வேதாகமப் பாடங்கள் சிறிய பகுதிதான். ஆனால் மாற்று வழி மிகக் குறைவாக உள்ள பகுதியும் அதுவே. ஆகவே திட்டமிடும்போது முதலில் அதைப் பதித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் புதிதல்ல. பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், பகுதி நான்கில் சுற்றுச்சூழலும் மதிப்புக் கல்வியும் என்று இங்கும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே பாடங்களைத் தேர்ந்தெடுத்துக் கையில் தருவது பல்கலைக்கழகம். அங்கே பெரும்பகுதியை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வில் தவறினால் விளைவும் அவருடையதே.

முதல் படி: எந்த வகைக் கல்லூரி என்று கண்டறியுங்கள்

"கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்" என்ற ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. 1886இல் தொடங்கிய சிகாகோவின் மூடி பைபிள் இன்ஸ்டிட்யூட் போன்றவை வேதாகமக் கல்லூரிகள். அங்கே வேதாகமமும் இறையியலுமே கல்வியின் மையம். கலிபோர்னியாவின் பயோலா பல்கலைக்கழகம் 1908இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வேதாகமப் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் எல்லாத் துறைகளும் கொண்ட பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆதியில் இருந்த வேதாகம அடித்தளத்தை அது கைவிடவில்லை என்பதால், எத்துறை மாணவரும் அங்கே கணிசமான வேதாகமப் பாடங்களைப் படிக்கிறார். ஒஹாயோ மாநிலத்தின் சீடர்வில் பல்கலைக்கழகம் 1887இல் நிறுவப்பட்டது. அங்கே செவிலியர் படிப்பு மாணவரும் பொறியியல் மாணவரும் உட்பட இளநிலை மாணவர் அனைவரும் வேதாகமத்தை மைனர் எனப்படும் துணைப் பாடத் தொகுதியாக முடித்தே பட்டம் பெறுகிறார்கள். டெக்சாஸ் ஒரு தனிக் குடியரசாக இருந்த 1845ஆம் ஆண்டிலேயே சாசனம் பெற்ற பெய்லர் பல்கலைக்கழகம் பாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்தது. பிற சமய மாணவர்களும் படிக்கும் இந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் சமயப் பாடக் கட்டாயம் இரண்டு பாடங்களோடு நின்றுவிடுகிறது. 1842இல் தோன்றிய கத்தோலிக்க நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் "வேதாகமம்" என்ற தலைப்பைவிட "இறையியல்" என்ற தலைப்பையே காண்பீர்கள். அங்கே இரண்டு இறையியல் பாடங்களோடு தத்துவப் பாடமும் கட்டாயம்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கட்டாய வேதாகம அல்லது இறையியல் பாடங்கள் மொத்தம் எத்தனை கிரெடிட்? சாப்பல் எனப்படும் வழிபாட்டுக் கூடுகைக்கு வருகைப்பதிவு உண்டா? மாணவர் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிட வேண்டுமா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சில கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே விசுவாச சாட்சியையும் போதகரின் பரிந்துரையையும் கேட்கும். வேறு சில எச்சமயத்தவரையும் ஏற்கும். ஏற்கும் கல்லூரியிலும் பாடக் கட்டாயம் எல்லோருக்கும் ஒன்றே. இந்து மாணவர், முஸ்லிம் மாணவர் என்று விலக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சேர வேண்டாம்.

இரண்டாம் படி: உங்கள் சேர்க்கை ஆண்டின் கேட்டலாக்கைக் கைப்பற்றுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகம் வெளியிடும் கேட்டலாக் என்ற பாடவிதி நூல்தான் மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் போன்றது. பொதுவாக, எந்த ஆண்டில் சேர்ந்தீர்களோ அந்த ஆண்டின் கேட்டலாக்கே உங்களைக் கட்டுப்படுத்தும். பின்னர் விதிகள் மாறினாலும் பழையதன்படியே முடிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதனால், மூத்த மாணவர் சொல்லும் "எங்களுக்கு மூன்று பாடம்தான்" என்ற தகவலை நம்பி இறங்காதீர்கள். அவருடைய ஆண்டு வேறு, உங்களுடையது வேறு. சேர்ந்த வாரத்திலேயே பொதுக்கல்வி, வேதாகமம், மேஜர் எனப்படும் உங்கள் முதன்மைப் பாடம் ஆகிய மூன்றின் பக்கங்களையும் தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கம் அடுத்த ஆண்டு மாறிவிடும். உங்கள் கோப்பு மாறாது.

அந்தப் பக்கங்களைப் படிக்கும் முன் கிரெடிட் என்ற அலகைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது சுமார் 15 வாரங்களுக்கு வாரம் ஒரு வகுப்பு மணி நேரமும், அதற்கு வெளியே வாரம் இரண்டு மணி நேர உழைப்பும் கொண்டது என்பது அமெரிக்க மத்திய அரசின் வரையறை. இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் என்பது பரவலான அளவு. எட்டு செமஸ்டரால் வகுத்தால் செமஸ்டருக்கு 15. அதாவது வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்ந்து வாரம் 45 மணி நேரம். காலாண்டு முறையில் இயங்கும் கல்லூரியாக இருந்தால் 120க்குப் பதில் 180 என்று இருக்கும். ஒன்றரைக் காலாண்டுக் கிரெடிட் ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செல்லும் மாணவர் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இளநிலை மாணவர் முழுநேர மாணவராகக் கருதப்பட செமஸ்டருக்கு 12 கிரெடிட் போதும். ஆனால் 12ஐ எட்டால் பெருக்கினால் 96தான். பட்டத்துக்கு 24 கிரெடிட் குறைகிறது. விசாவுக்குப் போதுமான எண்ணும் பட்டத்துக்குப் போதுமான எண்ணும் ஒன்றல்ல. மேலும், அந்த முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் பாடம் அல்லது மூன்று கிரெடிட் மட்டுமே சேரும். ஆகையால் விடுபட்ட பாடங்களை ஒரே செமஸ்டரில் ஆன்லைனில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் உள்ளூர் மாணவருக்குப் பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாம் படி: 120 கிரெடிட்டை நான்கு குவியலாகப் பிரியுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு பத்திகள் வரையுங்கள்: வேதாகமம், பொதுக்கல்வி, மேஜர், விருப்பப் பாடம். ஒவ்வொன்றிலும் கிரெடிட்டை எழுதிக் கூட்டுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு கற்பனை மாணவியின் கணக்கைப் பார்ப்போம். கணினி அறிவியல் மேஜர் 62 கிரெடிட். அதில் கால்குலஸும் இயற்பியலும் அடக்கம். பொதுக்கல்வி 42. வேதாகமம் 15. மூன்றையும் கூட்டினால் 119 வருகிறது. ஒரே ஒரு கிரெடிட்தான் மிச்சம் என்று அவர் கவலைப்படுகிறார். ஆனால் பொதுக்கல்வியின் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கிய 7 கிரெடிட்டை, மேஜருக்காக எப்படியும் எடுக்கப்போகும் கால்குலஸும் இயற்பியலுமே நிறைவுசெய்துவிடுகின்றன. ஆகவே உண்மையான மொத்தம் 112. எட்டு கிரெடிட் கையில் இருக்கிறது. இதற்கு இரட்டைக் கணக்கு என்று பெயர். இது எங்கே அனுமதிக்கப்படுகிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்பது கேட்டலாக்கின் அடிக்குறிப்புகளில்தான் இருக்கும். நேர்வாசகத்தைவிட அடிக்குறிப்புகளை நிதானமாகப் படியுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான்.

பொதுக்கல்வி எதற்காக என்ற கேள்விக்கு ஒரு நிர்வாக விடையும் உண்டு. தென் மாநிலக் கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் சாக்ஸ்காக் அமைப்பு, இளநிலைப் பட்டத்தில் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் பொதுக்கல்வி இருக்க வேண்டும் என்றும், அதில் மானுடப் புலங்கள் (இலக்கியம், தத்துவம் போன்றவை) அல்லது நுண்கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் அல்லது கணிதம் ஆகிய மூன்றிலிருந்தும் ஒரு பாடமாவது இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அங்கீகாரம் இல்லாவிட்டால் மத்திய அரசின் மாணவர் உதவித்தொகை கிடைக்காது. எனவே கல்லூரி விரும்பினாலும் இதை நீக்க முடியாது. வேதாகமப் பாடம் அப்படியல்ல. அது கல்லூரி தன் சொந்த அடையாளத்துக்காகத் தானே விதித்துக்கொண்டது. அதனால்தான் அதன் வரம்புகளும் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகின்றன.

சில கல்லூரிகள் இவ்விரண்டையும் தனித்தனிக் குவியலாக வைப்பதில்லை. 1860இல் நிறுவப்பட்ட இல்லினாயின் வீட்டன் கல்லூரி, "கிறைஸ்ட் அட் தி கோர்" என்று பெயரிட்ட தன் பொதுக்கல்வித் திட்டத்துக்குள்ளேயே வேதாகமப் பாடங்களையும் முதலாண்டு கருத்தரங்கையும் பிற துறைகளையும் பின்னி வைத்திருக்கிறது. இத்தகைய இடங்களில் உங்கள் தாளில் நான்கு பத்திகளுக்குப் பதில் மூன்று வரும்; கணக்கிடும் முறை மாறாது.

நான்காம் படி: பொதுக்கல்வியில் தேர்ந்தெடுக்கும் விதம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். "கீழ்க்காணும் பாடங்களில் ஏதேனும் ஒன்று" என்று பட்டியல் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும், உங்கள் மேஜருக்கும் பயன்படுவது எது என்று முதலில் பாருங்கள். செவிலியர் மாணவருக்குப் புள்ளியியலும் உளவியலும் எப்படியும் வேண்டியிருக்கும். அவர் பொதுக்கல்விக் கணிதத்துக்குக் கல்லூரி அல்ஜீப்ராவையும், சமூக அறிவியலுக்கு வேறொன்றையும் எடுத்தால் ஆறு கிரெடிட் வீண். மேஜர் இன்னும் முடிவாகவில்லை என்றால், பல துறைகள் ஏற்கும் பாடங்களாக எடுங்கள். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை மட்டும் ஒத்திப்போட வேண்டாம். வேதாகமத் துறையின் ஆய்வுக் கட்டுரைகள் உட்பட மற்ற எல்லாப் பாடங்களும், மேற்கோள் காட்டுவதையும் வாதத்தை அமைப்பதையும் அங்கே கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டே மதிப்பெண் போடும்.

ஐந்தாம் படி: வேதாகமப் பாடங்களின் வரிசையைப் பதியுங்கள்

சீடர்வில் பல்கலைக்கழகத்தின் மைனரை எடுத்துக்கொண்டால், அதில் ஆவிக்குரிய உருவாக்கம், பழைய ஏற்பாட்டு இலக்கியம், புதிய ஏற்பாட்டு இலக்கியம், இறையியல் ஒன்று, இறையியல் இரண்டு என ஐந்து பாடங்கள், மொத்தம் 15 கிரெடிட். பெய்லரில் கிறிஸ்தவ வேதநூல்கள் என்ற 1310 எண்ணுள்ள பாடமும், கிறிஸ்தவப் பாரம்பரியம் என்ற 1350 எண்ணுள்ள பாடமும் என இரண்டு. அவற்றோடு இரண்டு செமஸ்டர் சாப்பல். முதலாவதில் வேதாகமத்தின் நூல்கள், இரண்டாவதில் திருச்சபையின் வரலாறும் சிந்தனையும் வரும் என்று தலைப்பிலிருந்தே ஊகிக்கலாம்.

பாட எண்ணின் முதல் இலக்கம் அதன் நிலையைக் காட்டும். ஒன்று என்றால் முதலாண்டு நிலை, மூன்று என்றால் மூன்றாமாண்டு நிலை. அறிமுகப் பாடத்தை முடிக்காமல் இறையியல் பாடத்தில் பதிவுசெய்ய முடியாதபடி பல கல்லூரிகள் முன்தேவை விதித்திருக்கும். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஐந்து பாடம் என்பது 15 கிரெடிட், ஒரு செமஸ்டர் வேலை என்று கணக்குப் போட்டு, கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும் என்றால், அது ஒரு செமஸ்டர் வேலையல்ல, மூன்று அல்லது நான்கு செமஸ்டர் வேலை. அதே சமயத்தில் செவிலியர் மாணவருக்கு மூன்றாம் ஆண்டு முதல் மருத்துவமனைப் பயிற்சியும், பொறியியல் மாணவருக்கு இறுதியாண்டுத் திட்டப்பணியும் நாள் முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே, செமஸ்டருக்கு ஒரு வேதாகமப் பாடம் என்ற வீதத்தில் முதல் செமஸ்டரிலேயே தொடங்கி, மூன்றாம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுவதே என் பரிந்துரை. ஒரே செமஸ்டரில் இரண்டு எடுக்க நேர்ந்தால், பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். இரண்டிலும் வாராந்திர வாசிப்பு மிக அதிகம்.

ஆறாம் படி: வகுப்புக்குள் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு செல்லுங்கள்

ஞாயிறுப் பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளைகளே இங்கே முதல் தேர்வில் தடுமாறுவதுண்டு. காரணம், கேள்வியின் தன்மை வேறு. இயேசு தேவாலயத்தில் காசுக்காரரின் (நாணயம் மாற்றுவோரின்) மேசைகளைக் கவிழ்த்த நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரியும். மாற்கு சுவிசேஷத்தில் அது 11ஆம் அதிகாரத்தில், இயேசுவின் கடைசி வாரத்தில் நடக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் 2ஆம் அதிகாரத்திலேயே, ஊழியத்தின் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. தேர்வில் வரும் கேள்வி "என்ன நடந்தது?" என்பதாக இராது, "யோவான் இதை ஏன் முன்னே வைக்கிறார், அது அவருடைய நூலின் நோக்கத்தோடு எப்படிப் பொருந்துகிறது?" என்பதாக இருக்கும். இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள் என்று வாதிடுவோரும் உண்டு, ஒரே நிகழ்ச்சியை இடம் மாற்றி வைத்தார் என்போரும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் காரணம் காட்டினால் மதிப்பெண், மனப்பாடமாக ஒப்பித்தால் இல்லை.

தமிழில் வேதம் வாசித்து வளர்ந்த மாணவருக்கு இன்னொரு தடை உண்டு. அதைக் கல்லூரி எந்தக் கையேட்டிலும் எழுதி வைப்பதில்லை. நூல்களின் பெயர்களே மாறிவிடுகின்றன. ஆதியாகமம் ஜெனிசிஸ் ஆகிறது, யாத்திராகமம் எக்ஸோடஸ், நியாயாதிபதிகள் ஜட்ஜஸ், பிரசங்கி எக்லிசியாஸ்டிஸ், அப்போஸ்தலர் நடபடிகள் ஆக்ட்ஸ், வெளிப்படுத்தின விசேஷம் ரெவலேஷன். கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வருபவருக்குத் தமிழ்ப் பெயர்களே வேறு. அவர் தொடக்க நூல், விடுதலைப் பயணம், நீதித் தலைவர்கள், சபை உரையாளர் என்று படித்திருப்பார். ஆள்பெயர்களில் குழப்பம் இன்னும் கூடுதல். தமிழில் ஈசாக்கின் மகனும் யாக்கோபு, நிருபம் எழுதியவரும் யாக்கோபு. ஆங்கிலத்தில் முன்னவர் ஜேக்கப், பின்னவர் ஜேம்ஸ். வினாத்தாளில் "ஜேம்ஸ்" என்று பார்த்து, அது எந்த நூல் என்று யோசித்துக்கொண்டு நிற்பதைவிட, புறப்படும் முன் ஒரு மாலைப்பொழுதில் 66 நூல்களின் பெயர்களையும் இரு மொழிகளிலும் எழுதிப் பார்ப்பது எளிது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமென்றால் எண்ணிக்கை 73 ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தோபித்தும் யூதித்தும் பாடத்தில் வரக்கூடும்.

சிலபஸ் கையில் கிடைத்ததும் எந்த மொழிபெயர்ப்பு ஏற்கப்படும் என்று பாருங்கள். சில பேராசிரியர்கள் என்.ஐ.வி., ஈ.எஸ்.வி., என்.ஆர்.எஸ்.வி. போன்றவற்றில் ஒன்றைக் குறிப்பிட்டே கேட்பார்கள். 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினால் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவோர் உண்டு. தமிழ் வேதாகமத்தை மூட்டை கட்டிவைக்க வேண்டியதில்லை. ஒரு வசனத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், மொழிபெயர்ப்பாளர் எங்கே முடிவெடுக்க நேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும்; பொருள்விளக்கக் கட்டுரை கேட்பதும் அந்தக் கவனத்தைத்தான்.

விசுவாசத்துக்கு மதிப்பெண் உண்டா என்று பிற சமய மாணவர்கள் தயக்கத்தோடு கேட்பார்கள். தேர்வும் கட்டுரையும் உங்கள் நம்பிக்கையை அளப்பதில்லை, வாசிப்பையும் வாதத்தையும் அளக்கின்றன. ஆனால் ஆவிக்குரிய உருவாக்கம் போன்ற பாடங்களில் தனிப்பட்ட அனுபவத்தை எழுதச் சொல்லும் பயிற்சிகள் இருக்கும். அவற்றில் இல்லாத பக்தியைப் புனைந்து எழுத வேண்டாம். நேர்மையாக உங்கள் நிலையைச் சொல்லி, கேட்ட வினாவுக்கு விடையளித்தால் போதும். ஐயமிருந்தால் பேராசிரியரின் அலுவல் நேரத்தில் நேரில் சென்று கேளுங்கள்.

ஏழாம் படி: வெளியிலிருந்து கொண்டுவரக்கூடிய கிரெடிட்டைப் பிரித்தறியுங்கள்

பொதுக்கல்விக்குப் பல வாசல்கள் உண்டு. அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் படித்தவர், பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏ.பி. தேர்வுகளில் ஐந்துக்கு மூன்றோ நான்கோ பெற்றிருந்தால் கிரெடிட் கிடைக்கலாம். வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதியே கிரெடிட் பெற உதவும் சி.எல்.இ.பி. தேர்வுகளில் 80க்கு 50 என்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தேர்ச்சி மதிப்பெண். கோடைகாலத்தில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரியில் வரலாற்றையோ உளவியலையோ குறைந்த கட்டணத்தில் முடித்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பதிவுசெய்யும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். மாறிவரும் பாடத்தின் கிரெடிட் மட்டுமே பெரும்பாலும் சேரும், அங்கே வாங்கிய கிரேடு உங்கள் சராசரியில் சேராது.

வேதாகமப் பாடத்துக்கோ இந்த வாசல்களில் பெரும்பாலானவை மூடியிருக்கின்றன. ஏ.பி.யிலும் சி.எல்.இ.பி.யிலும் வேதாகமத் தேர்வே இல்லை. அரசுக் கம்யூனிட்டி காலேஜில் "வேதாகமம் இலக்கியமாக" என்ற தலைப்பில் பாடம் இருந்தாலும், அதைக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாக ஏற்க வேண்டுமா என்பது வேதாகமத் துறையின் முடிவு. பட்டத்தின் கிரெடிட்டில் குறைந்தது 25 சதவீதம் அந்த நிறுவனத்திலேயே படித்திருக்க வேண்டும் என்பது சாக்ஸ்காக் விதி. கல்லூரிகள் அதற்கு மேலும் கூட்டி வைப்பதுண்டு. இடையில் மாறிவரும் மாணவருக்கு, கொண்டுவரும் கிரெடிட்டுக்கு ஏற்ப வேதாகமக் கட்டாயத்தைக் குறைக்கும் அட்டவணை சில கல்லூரிகளில் உண்டு. அதைத் தாமாகவே எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திராமல், சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓரிரு ஆண்டு கல்லூரியில் படித்துவிட்டு மாறுபவர், மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் பாடமாகச் செய்யப்படும் மதிப்பீட்டறிக்கையை அமெரிக்கப் பல்கலைக்கழகம் கேட்கும். பாடத்திட்டம் இல்லாமல் "அல்லைடு இரண்டு" என்று மட்டும் இருக்கும் வரியை எந்தப் பாடத்துக்கு ஈடாக்குவது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மதிப்புக் கல்விப் பாடத்தை வேதாகமப் பாடத்துக்கு ஈடாக எதிர்பார்க்க வேண்டாம்.

எட்டாம் படி: செமஸ்டர்தோறும் சரிபாருங்கள்

மாணவர் கணக்கில் டிகிரி ஆடிட் என்ற அறிக்கை இருக்கும். முடித்தவை, நடப்பவை, மீதமுள்ளவை என்று அது காட்டும். ஒவ்வொரு பதிவுக் காலத்துக்கும் முந்தைய வாரம் அதை எடுத்து, உங்கள் வெள்ளைத்தாளோடு ஒப்பிடுங்கள். முரண் தெரிந்தால் உங்கள் தாள் தவறு என்று உடனே முடிவுகட்டாதீர்கள்; மாறிவந்த பாடம் தவறான பத்தியில் விழுந்திருப்பதும், மேஜர் மாற்றியபின் பழைய விதியே தொடர்ந்து காட்டப்படுவதும் நடக்கக்கூடியவை. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசர் "இது போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்மொழியாகச் சொல்வது அன்புக்கு அடையாளம், ஆவணத்துக்கு அல்ல. பாட மாற்று ஒப்புதல் எதுவானாலும் மின்னஞ்சலில் வாங்கி, மாணவர் பதிவேடுகளைப் பராமரிக்கும் ரிஜிஸ்ட்ரார் அலுவலகம் அதை ஆடிட்டில் பதிந்ததா என்று இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

60 கிரெடிட் முடியும் தருவாயிலும் 90 முடியும் தருவாயிலும் ஒரு முழுமையான தணிக்கை கேளுங்கள். மூன்றாம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள பாடங்கள் எத்தனை கிரெடிட் வேண்டும், எந்தப் பாடங்களில் சி கிரேடுக்குக் குறையக் கூடாது என்ற இரண்டு விதிகளும் அப்போதுதான் பெரும்பாலோர் கண்ணில் படுகின்றன. எஃப்-1 மாணவருக்குக் கல்லூரி தரும் ஐ-20 என்ற விசாத் தகுதிப் படிவத்தில் படிப்பு முடியும் தேதி இருக்கிறது; நீட்டிப்பு வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே, ஏற்கத்தக்க கல்விக் காரணத்தோடு சர்வதேச மாணவர் அலுவலகத்தை அணுக வேண்டும். தேதி கடந்த பிறகு கேட்பது மிகவும் தாமதம்.

பெற்றோருக்கு ஒரு சொல். 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரம் மாணவருக்கே உரியது. கட்டணம் கட்டுவது நீங்களானாலும், மாணவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அலுவலகம் பொதுவாக உங்களிடம் பேசாது. டிகிரி ஆடிட்டை ஆண்டுக்கு இருமுறை பிள்ளையோடு அமர்ந்து பார்ப்பது என்று சேரும்போதே பேசிவைத்துக்கொண்டால், இந்தத் தடை ஒரு பொருட்டாக இராது.

ஆடிட்டின் அடிப்பகுதியில், கிரெடிட் பத்தியில் பூஜ்யம் என்று போட்டிருக்கும் வரிகளையும் விட்டுவிடாதீர்கள். சாப்பல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெய்லரின் இரண்டு செமஸ்டர் சாப்பலுக்குக் கிரெடிட் இல்லை, ஆனால் அது நிறைவேறாமல் பட்டமும் இல்லை. சாப்பல் நடப்பது பல கல்லூரிகளில் முற்பகல் வேளை. அதே நேரத்தில் ஆய்வகமோ பகுதிநேர வேலையோ வைத்துக்கொண்டால் வருகை குறையும், குறைந்தால் அந்த செமஸ்டர் கணக்கில் வராது. முதலாண்டின் இரண்டு செமஸ்டரிலும், மற்ற எதையும் பதிவதற்கு முன் அந்த நேரக் கட்டத்தை அடைத்துவிட்டு, அதன்பிறகு கால்குலஸுக்கு இடம் தேடுங்கள்.